தீர்த்தமலை: 67 வயது அம்மாவை மேலே வரை கூட்டிப் போக முடியுமா?

மாந்தோப்பு_மகன் (செவ்வாய், இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஒசூரில். அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முட்டியும் தேய்மானம், சர்க்கரைக்கு மாத்திரையும் ஓடுகிறது.

ஆறு வருடத்துக்கு முன் எனக்கு பைக் விபத்து. இடது காலில் கம்பி வைத்தார்கள். நான் படுக்கையில் கிடந்தபோது அம்மா, "பையன் எழுந்து நடந்தா, அவனையும் கூட்டிக்கிட்டு தீர்த்தமலை ஏறி ராமர் தீர்த்தத்துல தலைக்கு ஊத்திக்கிறேன்" என்று வேண்டியிருக்கிறார். இது எனக்குப் போன வாரம்தான் தெரியும். மாசித் திருவிழா முடிந்த சேதியை யாரோ சொல்ல, "இந்த வருசமும் போச்சு" என்று அடுப்படியில் முணுமுணுத்தார். அப்போது கேட்டு வாங்கியதுதான் இந்தக் கதை.

மாங்காய் அறுப்பு தொடங்கிவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கூடக் கிடைக்காது. அதனால் பங்குனிக்குள் போயாக வேண்டும். கேள்விகள்: பாதை முழுக்கப் படியா, கரடுமுரடா? எவ்வளவு நேரம் ஆகும்? டோலி உண்டா? முடியாவிட்டால் அடிவாரக் கோயிலோடு திரும்பினால் வேண்டுதல் நிறைவேறியதாகுமா?

அரூரான் (செவ்வாய், இரவு 10:15)

தம்பி, நமக்கு அது பக்கத்து ஊர். அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை ஏறியிருப்பேன் என்று கணக்கில்லை.

கோயில் இரண்டு. அடிவாரத்தில் ஒன்று, மலைமேல் ஒன்று. இரண்டிலும் தீர்த்தகிரீஸ்வரர்தான், அம்மன் வடிவாம்பிகை. ராமர் தீர்த்தம் மேலேதான் விழுகிறது. பாதை போட்ட பாதைதான், ஆனால் படி எல்லாம் ஒரே அளவு கிடையாது. நாலு படி சாதுவாக இருக்கும், ஐந்தாவது படி முழங்கால் உயரத்துக்கு நிற்கும். நடுநடுவே வெறும் சரிவு. நான் முக்கால் மணி நேரத்தில் ஏறுவேன், என் மாமியார் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். டோலியை நான் போன நாட்களில் பார்த்ததில்லை, அதை நம்பி வராதீர்கள்.

பங்குனி வெயிலில் எட்டு மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். விடியும்போது முதல் படியில் கால் இருக்க வேண்டும். மேலே நடை எப்போது திறக்கிறது, மதியம் எப்போது சாத்துகிறார்கள் என்பதைக் கிளம்புவதற்கு முன் அடிவாரத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் ஏறிப் பூட்டிய கதவைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

மேலே நின்று பார்த்தால் இந்தப் பக்கம் சித்தேரி, கல்வராயன், அந்தப் பக்கம் ஜவ்வாது. நடுவில் தென்பெண்ணை. காலைப் பனி இருந்தால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் குறைந்து குறைந்து போகும். அதைப் பார்க்கவாவது அம்மாவை மேலே கொண்டுபோகப் பாருங்கள்.

கண்டக்டர்_ஓய்வு (செவ்வாய், இரவு 10:52)

அரூர் சொன்னதெல்லாம் சரி, கடைசி வரி மட்டும் தப்பு. தேய்ந்துபோன முட்டிக்காரரை மலை ஏற்றிவிட்டு நீலம் பார்க்கச் சொல்கிறார்.

முப்பது வருடம் பஸ்ஸில் நின்ற கால் என்னுடையது. முட்டி வலி என்றால் என்னவென்று என்னிடம் கேளுங்கள். அடிவாரத்தில் இருப்பதும் அதே ஈஸ்வரன்தானே? அங்கே ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, நீங்கள் மட்டும் மேலே போய்த் தீர்த்தம் பிடித்து வாருங்கள். அம்மா தலையில் தெளியுங்கள். முடிந்தது காரியம்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு: ரயிலில் வந்தால் மொரப்பூரில் இறங்கி அரூர், அரூரிலிருந்து தீர்த்தமலை. ஊத்தங்கரை வழியாகவும் வரலாம்.

ஊசி_அக்கா (புதன், காலை 6:05)

நைட் ட்யூட்டி முடிந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை, நர்ஸ். முதலில் அவருக்குப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, சாமி கும்பிடும் வரை பல்லில் தண்ணீர் படக் கூடாது என்று அம்மாக்கள் அடம்பிடிப்பார்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் மலை ஏறினால் பாதி வழியில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். சாமி வந்துவிட்டது என்று சுற்றி நின்று விபூதி பூசுவார்கள். வந்தது சாமி இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. மாத்திரை போட்டால் இரண்டு இட்லியாவது உள்ளே போக வேண்டும். மடியில் நாட்டுச் சர்க்கரையோ கடலை மிட்டாயோ இருக்கட்டும்.

இரண்டு, எல்லோரும் ஏறுவதையே பேசுகிறீர்கள். முட்டியைத் தின்பது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது உடம்பு பாரம் முழுக்க முட்டிமேல் வந்து விழும். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கச் சொல்லுங்கள். கையில் கழி கட்டாயம். எங்கே திரும்பினாலும், இறங்க எவ்வளவு தெம்பு வேண்டும் என்று கணக்குப் போட்டுத் திரும்புங்கள்.

தம்பி, உங்கள் காலில் கம்பி இருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். உங்களுக்கும் கழி வேண்டும்.

சிலேட்டுப்பலகை (புதன், காலை 9:30)

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கதை தெரியாமல் போனால் பாதிதான் போனதாகும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

ராமர் இலங்கையிலிருந்து திரும்பி வரும்போது இங்கே சிவபூஜை செய்ய நினைத்தார். காசியிலிருந்து கங்கை நீரும் பூவும் கொண்டுவர அனுமனை அனுப்பினார். பூஜை நேரம் நெருங்கிவிட்டது, ஆளைக் காணவில்லை. ராமர் அம்பை எடுத்து மலைமேல் விட்டார், பாறை பிளந்து தண்ணீர் கொட்டியது. பூஜை முடிந்தது. அதுதான் ராமர் தீர்த்தம். அப்புறம் செம்போடு வந்து சேர்ந்த அனுமனுக்குக் கோபம். இவ்வளவு தூரம் போய்வந்தவன் முகத்தில் எப்படி விழிப்பார்கள்? கொண்டுவந்ததை வீசி எறிந்தார். அது போய் விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமந்தீர்த்தம். ஆடிப் பதினெட்டுக்கு அங்கே தலை முழுக வரும் கூட்டம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

தாமதமாக வந்தவரைச் சமாதானப்படுத்தத்தான் முதலில் அனுமந்தீர்த்தத்தில் முழுகிவிட்டு அப்புறம் மலை ஏற வேண்டும் என்ற வழக்கம் வந்ததாக எங்கள் பாட்டி சொல்வார். ஊத்தங்கரை வழியாக வந்தால் அது வழியிலேயே இருக்கிறது.

ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று ஐந்து. அருணகிரிநாதர் திருப்புகழில் தீர்த்தமலையும் உண்டு. சிவன் மலையில் முருகனைப் பாடிவிட்டுப் போயிருக்கிறார்.

கல்லாங்குத்து (புதன், காலை 11:10)

ஐயாவின் கதைக்கு எதிராக இல்லை, பக்கத்தில் வைத்துப் படிக்க. நான் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் பெரும்பாலும் கெட்டிப் பாறை. மணல்போலத் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளாது. வெடிப்புகளில் மட்டும்தான் இறங்கும். அதனால்தான் ஒரு தோட்டத்தில் போர் போட்டால் ஆயிரம் அடியிலும் புகை வருகிறது, வரப்பு தாண்டி அடுத்தவர் தோட்டத்தில் இருநூறில் பொங்குகிறது. மலைமேல் பெய்யும் மழையும் அப்படித்தான். மண்ணும் மரமும் மூடிய இடத்தில் ஊறி, வெடிப்பு வழியாக மெள்ள இறங்கி, எங்கே பாறை முகம் வெட்டுப்பட்டிருக்கிறதோ அங்கே கசியும். மேலே காடு இருக்கும் வரைதான் அந்தக் கசிவும்.

பெட்டா_கொண்டா_மலை (புதன், மதியம் 1:20)

மாந்தோப்பு அண்ணா, ஒசூரில் இருந்துகொண்டு எதற்கு அவ்வளவு தூரம்? நம்ம சந்திரசூடேஸ்வரர் மலை இருக்கிறதே. படியும் உண்டு, மேலே வரை ரோடும் உண்டு. கார் மேலேயே போய்விடும். மரகதாம்பாள் சன்னதி, உடும்பாக வந்த சிவன் கதை, சுற்றிலும் ஊர், சாயங்காலம் காற்று. எங்கள் பாட்டிக்கு 80 வயது, மாதம் ஒருமுறை போகிறார்.

(பெயர் பார்த்துக் கேட்பவர்களுக்கு: எங்கள் தெருவில் கன்னடக்காரர் 'பெட்டா' என்பார், தெலுங்குக்காரர் 'கொண்டா' என்பார், நான் 'மலை' என்பேன். மூவரும் ஒரே கோயிலுக்குத்தான் போகிறோம்.)

அரூரான் (புதன், மதியம் 1:45)

வேண்டிக்கொண்டது தீர்த்தமலைக்கு. கடன் வாங்கியது ஒரு இடத்தில், கட்டுவது இன்னொரு இடத்திலா?

பெட்டா_கொண்டா_மலை (புதன், மதியம் 1:51)

ஐயோ, தெரியாமல் சொல்லிவிட்டேன் சாமி.

ஆனாலும் கேட்கிறேன். தீர்த்தமலைக்கு ஏன் இன்னும் ரோப்கார் இல்லை? சோளிங்கரில் 1,305 படி. தலைமுறை தலைமுறையாக ஏறினார்கள். 2024-ல் ரோப்கார் வந்தது, இப்போது வயதானவர்கள் நரசிம்மரைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறார்கள். அய்யர்மலைக்கும் அதே வருடம் வந்துவிட்டது. நம் பக்கம் மட்டும் முட்டி இல்லாதவர்கள் வாழ்கிறோமா?

கல்லாங்குத்து (புதன், மதியம் 2:30)

சோளிங்கர் கூட்டம் வேறு, இது வேறு. ரோப்கார் வந்தால் கூடவே டிக்கெட் கவுண்டர், பார்க்கிங், பஜ்ஜிக் கடை, அதற்குப் போர், அதற்குக் கழிப்பறை எல்லாம் வரும். நான் சற்று முன் எழுதிய கசிவு எங்கிருந்து வருகிறது என்று மறுபடி படியுங்கள். தீர்த்தம் நின்றுபோன தீர்த்தமலைக்கு ரோப்காரில் போய் என்ன செய்வீர்கள்?

கண்டக்டர்_ஓய்வு (புதன், மதியம் 2:48)

வாத்தியார் வயது என்ன? நாற்பதா? அறுபத்தைந்தில் வந்து இதே வாதத்தைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கல்லாங்குத்து (புதன், மதியம் 2:55)

ஐம்பத்தி மூன்று. போன தைப்பூசத்துக்குக் குமாரசாமிப்பேட்டையில் தேர்க் கூட்டத்தில் நாலு மணி நேரம் நின்றேன் ஐயா.

கண்டக்டர்_ஓய்வு (புதன், மதியம் 3:02)

நின்றீர்கள். ஏறினீர்களா?

நெறியாளர் (புதன், மாலை 4:00)

ரோப்கார் வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை திறந்து கொள்ளுங்கள். வயது விசாரணை வேண்டாம். இங்கே கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்.

கரடு_பையன் (புதன், இரவு 8:20)

நான் ஊத்தங்கரைக்காரன். குறிப்பாக இரண்டு விஷயம்.

முதலில் குரங்கு. மஞ்சள் பை, பூக்கூடை, பாட்டில் எதையும் கையில் தொங்கவிடாதீர்கள். அதுகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், எந்தப் பையில் தேங்காய் மூடி, எதில் பழம் என்று. பையை மார்போடு அணைத்துக்கொண்டு போங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள். பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்தீர்களானால் கடி நிச்சயம்.

இரண்டாவது, மழை பெய்த மறுநாள் போக வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை, எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் தள்ளிக்கொண்டு போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து மழை ஈரத்தில் எந்த மலைப்பாதையிலும் என் அம்மா என்னை விடுவதில்லை. பங்குனியில் உங்களுக்கு அந்தப் பயம் இல்லை, கோடை மழை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், தீர்த்தமலை தர்மபுரி மாவட்டம். 2004-ல் பிரித்தபோது சாமியை அவர்கள் எடுத்துக்கொண்டு வெள்ளத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அரூரான் (புதன், இரவு 8:41)

மாம்பழமும் அணையும் உங்களுக்குத்தானே வந்தது? வாயைத் திறக்காதே.

மாந்தோப்பு_மகன் (வியாழன், இரவு 9:15)

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் கேட்டேன். "நிறுத்தி நிறுத்திப் போகட்டும், வலித்தால் திரும்பிவிட வேண்டும்" என்றார். அம்மாவிடம் கண்டக்டர் ஐயா சொன்ன யோசனையைச் சொன்னேன். "எவ்ளோ தூரம் கால் விடுதோ அவ்ளோ தூரம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம்.

மாந்தோப்பு_மகன் (திங்கள், இரவு 10:05)

போய்விட்டு வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினோம். போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை. அனுமந்தீர்த்தம் வரும்போது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஒசூரில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் இதே ஆறு நுரை தள்ளுவதைத் தினமும் பார்க்கிறவன் நான், எனக்குக் கால் வைக்கவே யோசனை. அம்மா யோசிக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் மூன்று கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "அனுமாரு கோபம் எனக்கு வேணாம்" என்றார். இந்தக் கதையை சிலேட்டுப்பலகை ஐயா எழுதியதிலிருந்து நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன் என்று நினைத்திருந்தேன். அவர் அதைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறார், நான் படித்து முடிக்கும் வரை சும்மா இருந்திருக்கிறார்.

அடிவாரத்தில் இரண்டு இட்லி. அக்கா பெயரைச் சொல்லித்தான் சாப்பிட வைத்தேன். "நர்சம்மா சொன்னா சாமி ஒத்துக்குமா?" என்று ஒரு கேள்வி, அப்புறம் மூன்றாவது இட்லியும் கேட்டார். தோட்டத்தில் மாங்கிளைக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த மூங்கிலில் இரண்டு கழி வெட்டிக் கொண்டுபோயிருந்தோம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

முதல் அரை மணி நேரம் அம்மா எனக்கு முன்னால் போனார். சத்தியமாக. இருபது படி ஏறுவார், நிற்பார், கழியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பார். "அதோ அந்த ஏரி தெரியுதே, எது?" என்பார். எனக்கு ஏரியின் பெயர் தெரியாது. "இத்தனை படிச்சு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் மறுபடி ஏறுவார். கீழே ராகி அறுத்த காடு, தென்னந்தோப்பு, ஒரு ஓட்டு வீட்டிலிருந்து நேராக எழும்பிய புகை. வெயில் படப் பட மலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அரூரான் அண்ணன் சொன்ன நீலம் உண்மைதான்.

பாதிக்கு மேல் போனதும் ஒரு முழங்கால் உயரப் படி. வலது காலைத் தூக்கி வைத்தார், இடது கால் தொடர மறுத்தது. இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை உதட்டைக் கடித்ததைப் பார்த்தேன். பக்கத்தில் வேப்பமர நிழலில் ஒரு பாட்டி மோர்ப் பானையும் நெல்லிக்காயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்ட்டு வா."

"இன்னும் கொஞ்சம்தாம்மா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

"எறங்கவும் காலு வேணும்ல. அந்த நர்சம்மா சொன்னதா நீதானே படிச்ச?"

அதற்கு மேல் நான் என்ன பேசுவது? "உன் வேண்டுதல்மா, நீ வராம எப்படி?" என்று மட்டும் கேட்டேன். "நீ நடக்கணும்னுதானே வேண்டுனேன். நான் நடக்கணும்னா வேண்டுனேன்?" என்றார். மோர்ப் பாட்டி சிரித்துவிட்டார். இருவரும் அதற்குள் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் வரை போயிருந்தார்கள்.

தனியாக ஏறினேன். கம்பி வைத்த கால் மேலே போகப் போகக் கனத்தது, ஆனால் விடவில்லை. ராமர் தீர்த்தத்தை அருவி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பங்குனியில் அது மேலே பாறையிலிருந்து விழும் ஒரு நூல். காற்று அடித்தால் அந்த நூல் இரண்டடி தள்ளிப் போகும், கீழே நிற்கும் கூட்டமும் கூடவே இரண்டடி தள்ளிப் போகும். ஒரு குழந்தை மட்டும் நகராமல் நின்று, தண்ணீர் தன்னிடம் திரும்பி வரும் வரை வாயைத் திறந்தபடி காத்திருந்தது. தலையில் விழும்போது சில்லென்று ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகத் தெரிகிறது. சாமி கும்பிட்டேன். அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது, முடியும் வரை நின்றேன். அதில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, காற்றோடு மல்லுக்கட்டி ஒரு லிட்டர் நிரப்பினேன்.

இறங்கும்போது கரடு_பையன் சொன்னது மறந்துவிட்டது. ஒரு கையில் கழி, மறு கையில் பாட்டில். பின்னாலிருந்து வந்தது தெரியவே இல்லை. நான் இழுக்கவில்லை, விட்டுவிட்டேன். அது பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூடியைத் திருக முயன்று, முடியாமல் அடியில் ஒரு கடி கடித்தது. வெறும் தண்ணீர் என்றதும் எறிந்துவிட்டுப் போய்விட்டது. ஓடிப்போய் எடுத்தேன். அடியில் இரண்டு ஓட்டை. பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன், அப்படியும் மூடி வழியாகக் கசிந்தது. கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கி வந்த என்னைப் பார்த்து ஏறுகிறவர்கள் எல்லாம் வழிவிட்டார்கள். ஏதோ காவடி வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

வந்து சேர்ந்தபோது கால் பாட்டில் இருந்தது. அம்மா என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அனுமாருதான். லேட்டாவும் வந்துட்ட. அவராவது செம்பு நெறைய கொண்டாந்தாரு" என்றார்.

மோர்ப் பாட்டி ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினார். சொட்டு விடாமல் அதில் இறக்கினோம். அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. அம்மா கொண்டையை அவிழ்த்தார். மலை இருக்கும் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் ஊற்ற வந்தேன், வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டுத் தானே எடுத்து உச்சியில் ஊற்றிக்கொண்டார். தண்ணீர் வகிடு வழியாக இறங்கி, காதோரம் வந்து, முகவாயில் நின்று சொட்டியது. துடைக்கவில்லை.

ஊசி_அக்கா (திங்கள், இரவு 10:40)

இன்று முட்டி எப்படி இருக்கிறது? வீக்கம் உண்டா?

மாந்தோப்பு_மகன் (திங்கள், இரவு 10:44)

இடதில் லேசாக. துணியில் ஐஸ் சுற்றி வைத்திருக்கிறோம். நேற்று இறங்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம், நீங்கள் சொன்னபடி பக்கவாட்டில். என் காலுக்குத்தான் அதிக வலி. அம்மா சிரிக்கிறார்.

சிலேட்டுப்பலகை (செவ்வாய், காலை 7:10)

தம்பி, குரங்கிடம் பறிகொடுத்ததை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். அந்தத் தண்ணீர்மேல் அவர்களுக்குப் பழைய பாக்கி உண்டு.

கண்டக்டர்_ஓய்வு (செவ்வாய், காலை 8:25)

நான் சொன்ன மாதிரிதான் நடந்திருக்கிறது, கவனித்தீர்களா? தீர்த்தம் பிடித்து வந்து தலையில் விட்டாயிற்று.

அரூரான் (செவ்வாய், காலை 8:33)

அடிவாரத்தில் உட்கார வைத்திருந்தால் மோர்ப் பாட்டி ஏது, ஏரி ஏது? பாதி மலை என் கணக்கு, பாதி உங்கள் கணக்கு. சரியா?

பெட்டா_கொண்டா_மலை (செவ்வாய், காலை 9:02)

ரோப்கார் இருந்திருந்தால் முழு மலையும் அம்மா கணக்கு.

(நெறியாளர் அண்ணா, போய்விட்டேன், போய்விட்டேன்.)

மாந்தோப்பு_மகன் (செவ்வாய், இரவு 9:20)

ஒரு உதவி வேண்டும். இன்று பையை உதறும்போது அந்த எவர்சில்வர் டம்ளர் உள்ளே இருந்தது. பாட்டியிடம் திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வந்துவிட்டோம். அம்மா நேற்றிலிருந்து ஏதோ குறைவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இன்று டம்ளரைப் பார்த்ததும், "பாவம், மோர் ஊத்த வச்சிருந்ததே ரெண்டுதான்" என்று என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். யாராவது அந்தப் பக்கம் போகிறீர்களா? பாதிக்கு மேல், அந்த உயரமான படிக்குப் பக்கத்து வேப்பமரம்.

அரூரான் (செவ்வாய், இரவு 9:36)

சனிக்கிழமை ஏறுகிறேன். அரூர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள், கண்டக்டர் ஐயாவுக்குத் தெரிந்தவர்கள் யாராவது ட்யூட்டியில் இருப்பார்கள்.

கண்டக்டர்_ஓய்வு (செவ்வாய், இரவு 9:50)

இருக்கிறார்கள். டம்ளரை வெறுமனே அனுப்பாதீர்கள் தம்பி, உள்ளே ஏதாவது போட்டு அனுப்புங்கள்.

மாந்தோப்பு_மகன் (செவ்வாய், இரவு 9:58)

அம்மா வடு மாங்காய் போட்டுத் துணி கட்டிக்கொண்டிருக்கிறார்.